நிலவில் கழன்ற கண்ணாடி

1971 ஆகஸ்ட் 1. அப்பல்லோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட், நிலவில் இரண்டாவது நடையை முடித்துக்கொண்டு கலத்துக்குள் ஏறுகிறார். கையைப் பார்த்தால், விண்வெளி உடைக்கு மேலே கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சில் கண்ணாடியைக் காணோம். நடையின்போது எப்போதோ கழன்று போயிருந்தது. மறுநாள் மூன்றாவது நடைக்கு, தன் பையில் மாற்றாக வைத்திருந்த புலோவா வாட்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒமேகா அரசாங்கச் சொத்து. புலோவா அவருடைய சொந்தப் பொருள். அந்த புலோவா 2015 அக்டோபரில் ஏலத்துக்கு வந்தபோது 16 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

பழைய வாட்ச் விற்பவர் யாராவது "ஒரிஜினல் கிளாஸ் சார், தொட்டதே இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஸ்காட் ஞாபகம்தான் வரும். நிலவு வரை போக வேண்டாம். பேருந்துக் கம்பியில் இடித்துக்கொள்ளும் கை, கிணற்றடிக் கல்லில் உரசும் கை என்று நம் கைகளிலும் முதலில் அடி வாங்குவது கண்ணாடிதான். வாட்ச் செய்தவர்களுக்கே இது தெரியும். அதனால்தான் கண்ணாடியை நிரந்தர உறுப்பாக அவர்கள் நினைக்கவில்லை. ரப்பர் வாஷரைப்போல, தேய்ந்தால் மாற்றிப் போடுகிற பண்டம் அது. முறையான சர்வீஸ் நிலையங்களில் வாட்ச் உள்ளே போனால், கேட்காமலேயே கண்ணாடியை மாற்றித் தருவதும் சாதாரணம்.

ஆகவே 'ஒரிஜினல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஆலையிலிருந்து வாட்ச்சோடு வந்த கண்ணாடி ஒன்று. அதே நிறுவனம் தயாரித்து, பின்னால் சர்வீஸின்போது போடப்பட்ட கண்ணாடி இன்னொன்று. அளவு மட்டும் பார்த்து யாரோ செய்த பொதுக் கண்ணாடி மூன்றாவது. விற்பவர் முதலாவதைச் சொல்வதுபோலச் சொல்வார். கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது, அல்லது மூன்றாவது. இவற்றைப் பிரித்தறிய ஒரு லென்ஸும் ஒரு டியூப் லைட்டும் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியலும் போதும். எதுவரை போதும் என்பதையும் சொல்கிறேன்.

முதல் கேள்வி, கண்ணாடி எந்தப் பொருளால் ஆனது என்பது. கண்ணாடி என்று சொன்னாலும், 1940களிலிருந்து 1970கள் வரை வந்த கை வாட்ச்சுகளில் மிகப் பலவற்றின் மேல் இருப்பது கண்ணாடியே அல்ல. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். முழு வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். 1930களில் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் இதை பிளெக்ஸிகிளாஸ் என்றும், பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்ஸ்பெக்ஸ் என்றும் விற்றன. ஒமேகா தன் பங்குக்கு ஹெசலைட் என்றது. பெயர்தான் வேறு.

இந்தப் பொருளுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் இருக்கைக்கு மேலே மூடியாக இருந்தது இதுதான். சண்டையில் மூடி சிதறி, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போனபோது, கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949 நவம்பரில், கண்புரை நீக்கிய கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸில் கடைந்த லென்ஸை வைத்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் தொடங்கப்பட்டு, மலிவு விலையில் செய்ய ஆரம்பித்த லென்ஸுகளும் இதே பொருள்தான். தாத்தாவின் வாட்ச்சின் மேலேயும், புரை அறுவை முடிந்த பாட்டியின் கண்ணுக்குள்ளேயும் ஒரே பிளாஸ்டிக் இருக்கக்கூடும். சரி, வாட்ச்சுக்குத் திரும்புவோம்.

அக்ரிலிக்கின் பலம், அது தூளாகச் சிதறாது என்பது. எடையற்ற கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் விண்வெளி வீரர் கதி என்ன ஆகும்? ஸ்பீட்மாஸ்டரில் அது ஒரு முக்கியமான நன்மை. பலவீனம், வெப்பத்துக்கு அது நெகிழும். 1965இல் நாசா வாட்ச்சுகளைச் சோதித்தபோது, 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைத்து, அதன்பின் 93 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள். அக்ரிலிக் இளக ஆரம்பிப்பது ஏறத்தாழ 105 டிகிரியில். போட்டியிலிருந்த லாஞ்ஜீன்ஸ்-விட்னவர் வாட்ச்சின் கண்ணாடி அந்தச் சூட்டில் வளைந்து கழன்றுகொண்டது. ஒமேகா தேறியது. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று அதற்கு அனுமதி கிடைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, தேறிய கண்ணாடியும் நிலவில் கழன்றது.

ஏன் கழல்கிறது? அக்ரிலிக் கண்ணாடியைப் பசையால் ஒட்டுவதில்லை. இறுக்கத்தால் நிற்க வைப்பார்கள். துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாகச் செய்து, நகம்போல் பிடிக்கும் கருவியால் சுற்றிலும் அமுக்கிச் சுருக்கி, உள்ளே வைத்து விட்டுவிடுவார்கள். அது விரிந்து விளிம்பைக் கவ்விக்கொள்ளும். நீர் புகாத வாட்ச்சுகளில் உள்ளே ஓர் உலோக வளையமும் இருக்கும். அது அக்ரிலிக்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி, கேஸோடு இறுக்குகிறது. ஆனால் அக்ரிலிக் வெப்பத்தில் விரிவது எஃகைவிடச் சுமார் நான்கு மடங்கு. 32 மில்லிமீட்டர் கண்ணாடி 100 டிகிரி வித்தியாசத்தைச் சந்தித்தால், அது 0.22 மில்லிமீட்டர் மாறும். அதைப் பிடித்திருக்கும் எஃகு 0.05தான் மாறும். கண்ணாடிக்காரர்கள் அளவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து வைப்பது இதனால்தான். அந்தப் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கத்துக்கும் கழல்வதற்கும் இடையே நிற்கிறது.

இந்த வளையம் கண்ணாடியை அடையாளம் காண்பதற்கும் நல்ல தடயம். டயலின் ஓரத்தில், கண்ணாடிக்கு அடியில், மெல்லிய வெள்ளி அல்லது தங்க நிறக் கோடாக அது தெரியும். எஃகு வாட்ச்சில் தங்க நிற வளையமோ, தங்கமுலாம் வாட்ச்சில் வெள்ளி வளையமோ பளபளத்தால், கையில் கிடைத்த கண்ணாடியை யாரோ போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வளையம் அகலமாகிப்போய் டயலின் நிமிடக் கோடுகளை மறைத்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது பொருள் மினரல் கிளாஸ். உண்மையான கண்ணாடி, மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருக்கியது. 1980களில் குவார்ட்ஸ் வாட்ச்சுகள் வீட்டுக்கு வீடு வந்தபோது, அவற்றோடு இதுவும் பரவலாக வந்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய தலைமுறை எச்.எம்.டி.யினுடையது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டோடு பெங்களூரில் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஜனதா, பைலட் போன்ற சாவி வாட்ச்சுகளில் இருந்தது அக்ரிலிக். ஆகவே ஜனதாவில் மினரல் கிளாஸைக் கண்டால், அது மாற்றப்பட்டது என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடலாம்.

மூன்றாவது, சஃபயர். நகைக்கடை நீலக்கல்லின் நிறமில்லாத செயற்கைத் தம்பி, அலுமினியம் ஆக்சைடு. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் அகஸ்டே வெர்னேயி தன் முறையை வெளியிட்டார். அலுமினாப் பொடியைச் சுடர் வழியாகத் தூவி, சொட்டுச் சொட்டாக உருக்கிப் படிகம் வளர்க்கும் முறை. வாட்ச்சில் அது பரவலாக வந்ததோ வெகுகாலம் கழித்து. ரோலெக்ஸ் 1970இல் ஒரு குவார்ட்ஸ் மாடலில் சஃபயரை வைத்துப் பார்த்து, 1970களின் கடைசியிலிருந்துதான் ஒவ்வொரு மாடலாக மாறத் தொடங்கியது.

மூன்றையும் வாட்ச்சைத் திறக்காமலே பிரித்துச் சொல்ல வழி உண்டு. கீறலை வைத்துப் பார்ப்பது முதல் வழி. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அக்ரிலிக் சுமார் 3, மினரல் கிளாஸ் 5.5, சஃபயர் 9. வீட்டுத் தூசியில் மணல் துகள் கலந்திருக்கிறது. அதன் எண் 7. ஆகவே தூசியே அக்ரிலிக்கையும் மினரலையும் கீறும், சஃபயரைத் தொடாது. அக்ரிலிக்கில் கீறல் ஏர் உழுத சால்போல் ஓரம் மேடிட்டு, எல்லாத் திசையிலும் மெல்லிய கோடுகளாக இருக்கும். மினரலில் கோடு ஆழமாகவும் ஓரம் பொரிந்தும் இருக்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கும். ஐம்பது வருட வாட்ச், கேஸெல்லாம் தேய்ந்திருக்கிறது, கண்ணாடி மட்டும் பளிங்குபோல் இருந்தால்? ஒன்று மாற்றியிருக்கிறார்கள், அல்லது அக்ரிலிக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.

எது என்று சொல்லத்தான் டியூப் லைட். வாட்ச்சைப் பிடித்து, விளக்கின் வெள்ளைக் கோடு கண்ணாடியில் தெரியும்படி மெல்லச் சாயுங்கள். அச்சில் வார்த்த கண்ணாடியில் அந்தக் கோடு ஒரே வளைவாக வழுக்கிச் செல்லும். பற்பசையோ பாலிஷ் பசையோ போட்டுக் கையால் தேய்த்ததில் கோடு நெளியும். ஈர மணலில் பாம்பு போன தடம்போல. தேய்த்தது தப்பு இல்லை. மாற்றியதைவிடத் தேய்த்தது மேல் என்பது என் கட்சி, ஏனென்றால் வடிவம் மீதி இருக்கிறது.

அடுத்தது, பிரதிபலிப்பின் பலம். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, மினரலுக்கு 1.52, சஃபயருக்கு 1.77. இந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். நேராக விழும் ஒளியில் முதல் இரண்டும் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத அளவில் திருப்பி அனுப்பும், சஃபயர் 7.5 சதவீதத்துக்கும் மேல். பூச்சு இல்லாத சஃபயரில் விளக்கு ஏறக்குறைய இரு மடங்கு பிரகாசமாகத் தெரிவது இதனால்தான். அதைக் குறைக்கத்தான் பின்னாளில் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு போட்டார்கள். அது சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ மின்னும். ஒருமுறை 1960களின் வாட்ச் என்று ஒன்றைக் காட்டினார்கள். "பிறந்ததிலிருந்து இதே கிளாஸ்" என்றார் விற்றவர். சன்னல் பக்கம் திருப்பினேன். கண்ணாடி மயில் கழுத்தாக நீலம் காட்டியது. அந்தக் காலத்துச் சாதாரண வாட்ச்சில் அப்படி ஒரு பூச்சு ஏது? திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கன்னத்தில் வைத்தும் பார்க்கலாம். வெப்பத்தைக் கடத்தும் திறனை ஒரே அலகில் சொன்னால், அக்ரிலிக் 0.2, மினரல் 1, சஃபயர் 30க்கு மேல். எல்லாம் ஒரே அறை வெப்பத்தில் இருந்தும், சஃபயர் சில்லென்று இருக்கும். அக்ரிலிக் வெதுவெதுப்பாக இருக்கும். நகத்தால் தட்டினால் அக்ரிலிக் 'டொக்' என்று மந்தமாகவும், மற்ற இரண்டும் 'டிங்' என்றும் பதில் சொல்லும்.

இதெல்லாம் பொருளைச் சொல்லும். யார் செய்தது என்று சொல்லாது. அதற்கு வடிவத்துக்குத்தான் போக வேண்டும். வாட்ச்சைக் கண் மட்டத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணாடி விளிம்பிலிருந்து செங்குத்தாக எழுந்து பிறகு தட்டையாகிறதா, கவிழ்த்த கிண்ணம்போல் வளைகிறதா, ஓரத்தில் சாய்வாகச் செதுக்கியிருக்கிறதா? ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு உருவரை உண்டு. ஒழுங்கான பழைய விளம்பரப் படங்களையும் அதே மாடலின் நம்பகமான வாட்ச்சுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பொதுக் கண்ணாடி பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். உயரம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதும் அல்ல. முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் குரோனோகிராஃப் வாட்ச்சில் தாழ்வான கண்ணாடியைப் போட்டால், மேல் முள் உரசி வாட்ச்சே நின்றுபோகும். எந்திரத்தில் கோளாறு தேடி அலைந்த பிறகுதான் குற்றவாளி மேலே இருந்தது தெரியும்.

ஸ்பீட்மாஸ்டரில் அக்ரிலிக்கையும் சஃபயரையும் பிரித்தறிவது இன்னும் சுலபம். அக்ரிலிக்கில் டயல் ஓரம் வரை தெளிவாகத் தெரியும், ஓரத்தில் சற்று வளைந்து. சஃபயர் போட்ட ஸ்பீட்மாஸ்டரில் ஓரத்தில் ஒரு பால் நிற வளையம் தெரியும். தடித்த சஃபயர்ச் சுவரின் ஓரத்தில் ஒளி பலமாக மடங்குவதன் விளைவு அது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

இனி முத்திரைகள். ஒமேகா தன் ஹெசலைட் கண்ணாடியின் நடு மையத்தில், உட்பக்கத்தில், ஒரு பொட்டு அளவுகூட இல்லாத ஒமேகா குறியைப் பொறிப்பது வழக்கம். லென்ஸ் வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால் தெரியும். உட்பக்கத்தில் இருப்பதால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் அழியாது. குறி இருந்தால் ஒமேகாவின் கண்ணாடி என்று நம்பலாமா? போலிகளிலும் குறி வைக்கிறார்கள். அவற்றில் அது பெரும்பாலும் பெரிதாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். குறி உண்மையாகவே இருந்தாலும், அது சொல்வது இவ்வளவுதான்: இது ஒமேகா செய்த கண்ணாடி. எந்த ஆண்டில் போட்டது என்று அது சொல்லாது.

ரோலெக்ஸில் இதற்கு அழகான உதாரணம் கிடைக்கிறது. 2000களின் தொடக்கத்திலிருந்து ரோலெக்ஸ் தன் சஃபயரில் 6 மணிக்குறிக்குப் பக்கத்தில் லேசர் புள்ளிகளால் மிகச் சிறிய கிரீடம் வரைகிறது. 1990ஆம் ஆண்டு வாட்ச் ஒன்றில் அந்தக் கிரீடத்தைப் பார்த்துவிட்டு, 'ஆகா, ஒரிஜினல்!' என்று துள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்தக் கிரீடம், கண்ணாடி நிறுவனத்துடையது என்பதற்கும், வாட்ச்சோடு பிறந்தது அல்ல என்பதற்கும் ஒரே நேரத்தில் சாட்சி. தேதியின் மேல் ஒட்டியதுபோல் இருக்கும் குட்டி லென்ஸிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ரோலெக்ஸின் லென்ஸ் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கும். எண் கட்டத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும். மலிவான மாற்றுக் கண்ணாடிகளில் பெருக்கம் குறைவாக இருப்பதால், தேதி நடுவில் சுருங்கி, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுத் தெரியும். கண் பழகிவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம்.

அசல் என்பதாலேயே ஒரு கண்ணாடி உயர்ந்தது என்று நினைத்தால், செல்லுலாய்டைப் பார்க்க வேண்டும். அக்ரிலிக் வருவதற்கு முன், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே, 'உடையாத கண்ணாடி' என்று வந்தது இந்தப் பொருள். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்வது. வயதானால் தேன் நிறமாக மாறும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிதையும்போது அது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடுகிறது. அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். மூடிய வாட்ச்சுக்குள் அந்த அமிலம் எங்கே போகும்? எஃகு முட்களைத் துருப்பிடிக்க வைக்கும், டயலை அரிக்கும். தீயையும் சட்டெனப் பற்றிக்கொள்ளும். 1920களின் வாட்ச்சில் மஞ்சளித்த பிளாஸ்டிக் இருந்து, தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வந்தால், அது அசலாகவே இருக்கலாம். அதை உடனே கழற்றச் சொல்லுங்கள்.

கழற்றுவதை நீங்களே செய்ய வேண்டாம். பழைய வாட்ச்சுகளின் இருட்டில் ஒளிரும் எண்களில் 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு உண்டு. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள்; பூச்சின் ஒளிர்வு எப்போதோ செத்துவிட்டாலும், கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆல்ஃபா துகள்கள் வெளியே வரமாட்டா. திறந்தால் உதிரும் தூளை மூச்சில் இழுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அக்ரிலிக்குக்கும் ஓர் எதிரி உண்டு. அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நல்ல அசல் கண்ணாடி ஒன்றில் பசைக் கறை இருக்கிறதே என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அடுத்த நாள் விளிம்பைச் சுற்றிலும் சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்கள். வளையத்தின் இறுக்கத்தில் ஏற்கெனவே திமிறிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கில் ஆல்கஹால் பட்டால், அதன் சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி இப்படி வெடிக்கும். சென்ட் அடித்துக்கொள்ளும் மணிக்கட்டில் வாட்ச் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெறும் சோப்பு நீர் போதும்.

எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்புக்கு 2016இல் மூடுவிழா நடந்த பிறகு, பழைய ஜனதாக்களுக்குக் கிராக்கி கூடிவிட்டது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, புதுக் கண்ணாடி போட்டு, 'பழைய ஸ்டாக், புத்தம் புதுசு' என்று விற்கிறார்கள். இங்கே கண்ணாடியைப் பார்க்க வேண்டிய விதமே வேறு. பளிச்சென்ற கண்ணாடி தன்னைப்பற்றி ஒன்றும் சொல்லாது. அது கையோடு டயலைப் பார்க்கச் சொல்கிறது. எழுத்துகள் தடித்திருக்கின்றனவா, கோடுகள் முள்ளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி மாறியிருந்தால் வாட்ச்சின் மதிப்பு கொஞ்சம் குறையும். டயல் மாறியிருந்தால் பாதி வாட்ச் போய்விட்டது.

எவ்வளவு பார்த்தாலும், ஆலையில் போட்ட கண்ணாடி இதுதான் என்று வாட்ச்சை மட்டும் வைத்து யாராலும் சத்தியம் செய்ய முடியாது. சரியான பொருள், சரியான உருவரை, சரியான வளையம், வாட்ச்சின் வயதோடு ஒத்துப்போகும் தேய்மானம் என்று எல்லாம் பொருந்தினால், 'இருக்கலாம்' என்பது வரை போகலாம். அந்த 'இருக்கலாம்' என்பதற்குக் கூடுதல் விலை கேட்டால், என் பையிலிருந்து பணம் வராது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டுப் பழைய வாட்ச்சுக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்தால், கழற்றிய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். கீறல் விழுந்திருந்தாலும், உடைந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு காகித உறையில் போட்டு, வாட்ச்சின் பெயரையும் மாற்றிய தேதியையும் எழுதி, செல்லுலாய்டாக இருந்துவிடக்கூடும் என்பதால் வாட்ச் இருக்கும் பெட்டிக்குள் அல்லாமல் தனியாக வையுங்கள்.